வட்டி இல்லாக் கடனும் வீட்டுக் கணக்கு நோட்டும்

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கலாமா? என் அம்மாவிடம் கேட்டிருந்தால், "கூடவே கூடாது" என்று ஒரே பேச்சில் முடித்திருப்பாள். நானும் அப்படி நினைத்து வளர்ந்தவள்தான். ஆனால் கிரெடிட் கார்டுக் கடன் என்று வரும்போது, "என்ன வட்டிக்கு? எத்தனை மாதத்துக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு வங்கியின் கார்டுக்குக் குறைந்த வட்டியில் மாற்றிக்கொள்வதற்கு 'பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்' என்று பெயர். இதைப் பற்றி நிறையச் சகோதரிகள் என்னிடம் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால், எல்லோருக்கும் விளங்கும் என்று தோன்றுகிறது.

2024 ஆடி மாதம் என் மாமியார் கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வயது எழுபத்து நான்கு. ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மொத்தச் செலவு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். கையிருப்பும் சீட்டுப் பணமுமாக 90,000 தேறியது. மீதி 1,20,000 ரூபாய்க்கு என் கணவர் கார்டைத் தேய்த்தார். அந்த நேரத்துக்கு அது பெரிய உபகாரம். அதை மறுக்க மாட்டேன்.

முதல் பில் வந்தது. 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது' என்று 6,000 ரூபாய் போட்டிருந்தான். கையில் இருந்தது அவ்வளவுதான், கட்டினோம். அடுத்த பில்லில் பாக்கி எவ்வளவு தெரியுமா? 1,20,525 ரூபாய்! ஆறாயிரம் கட்டிய பிறகும் கடன் ஐந்நூறு ரூபாய் கூடியிருந்தது.

"ஏங்க, இதுல ஏதோ தப்பு இருக்கு. வங்கியில கேளுங்க" என்றேன். கேட்டார். தப்பு ஒன்றும் இல்லை. முழுப் பணத்தையும் கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டி இல்லாத சலுகை. ஒரு ரூபாய் பாக்கி வைத்தாலும், கார்டைத் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். எங்கள் கார்டில் அது மாதத்துக்கு மூன்றரை சதவீதம். வருஷத்துக்கு 42 சதவீதம்! அதோடு போயிற்றா? அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. வீட்டுக் கடன், நகைக் கடன் இவற்றின் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு.

அன்று ராத்திரி கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். சில்லறை போக 1,20,000 என்றே வைத்துக்கொண்டேன். ஒரு மாத வட்டி 4,200, வரி 756. ஆக 4,956 ரூபாய். மாதம் ஆறாயிரம் கட்டினால் அசலில் கழிவது 1,044 ரூபாய் மட்டும். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையைக் கார்டு கம்பெனிகள் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எங்கள் பில்லிலும் அது இருக்கத்தான் செய்தது, எறும்பு எழுத்தில்.

அடுத்தபடியாக, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்தேன். பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒதுக்கியதைத் தொடுவதில்லை என்று முதலிலேயே கோடு போட்டுவிட்டேன். புதிய சீட்டில் சேரவில்லை. தீபாவளிக்குத் துணி பெண்ணுக்கு மட்டும். மாமியாரின் பிசியோதெரபிச் செலவும் போக, மாதம் 11,000 தேறும் என்று வந்தது. பழைய கார்டிலேயே அதைக் கட்டிக்கொண்டு போனால் பதினைந்து மாதம் ஆகும். வட்டியும் வரியுமாக ஏறத்தாழ 42,800 ரூபாய் போகும். கல்லூரிக் கட்டணம் ஒரு வருஷத்துக்கு ஆகிற தொகை!

மூன்று சலுகைகள்

நமக்குக் கடன் இருப்பது எப்படித்தான் தெரியுமோ, அந்த வாரமே போன் வந்தது.

"மேடம், பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் பண்ணிக்குங்க. வட்டியே கிடையாது மேடம்!"

"எத்தனை மாசத்துக்கு?"

"மூணு மாசம் மேடம்."

"நாலாவது மாசம்?"

"அது... வழக்கமான ரேட்டுதான் மேடம்."

"எடுத்தவுடனே எவ்வளவு பிடிப்பீங்க?"

கொஞ்சம் மௌனம். பிறகு, "மூணு பர்சென்ட், பிளஸ் ஜி.எஸ்.டி. மேடம்" என்றது அந்தக் குரல். பாவம், சின்னப் பெண். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

நோட்டில் எழுதினேன். கட்டணம் 3,600, வரி 648. முதல் நாளே 4,248 ரூபாய் கடனில் ஏறுகிறது. மூன்று மாதத்தில் 33,000 கட்டுவோம். மீதி 91,248 ரூபாய்க்கு மறுபடியும் அதே மூன்றரை சதவீதம். கடைசி வரை கூட்டிப் பார்த்தால் செலவு 27,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வந்தது. 'வட்டியே இல்லாத' கடனுக்கு!

இரண்டாவது, வேறொரு வங்கி தருவதாகச் சொன்ன புதுக் கார்டு. ஆறு மாதத்துக்கு மாதம் ஒரு சதவீதம்தான் வட்டி, கட்டணமும் கிடையாது. கேட்க இனிப்பாக இருந்தது. ஆனால் அந்தக் கார்டின் வரம்பு ஒரு லட்சம். அதில் முக்கால் பங்குக்குத்தான் பாக்கியை மாற்ற விடுவார்களாம். 75,000 போக மீதி 45,000 பழைய கார்டிலேயே நிற்கும். இரண்டு பில், இரண்டு கெடு. இருக்கிற பதினோராயிரத்தை இரண்டுக்கும் பங்கு போட்டால், ஆறு மாத முடிவில் இரண்டிலும் சேர்த்து 66,000 ரூபாய் போல நிற்கும். அதன் பிறகு முழுக்க வழக்கமான வட்டி.

மூன்றாவது, என் கணவரின் சம்பளம் போகிற வங்கியின் கார்டு. அது ஏற்கனவே எங்களிடம் இருந்தது. பீரோவிலேயே கிடந்ததால் மறந்தே போயிருந்தோம். அங்கே 'வட்டி இல்லை' என்ற பேச்சே இல்லை. பன்னிரண்டு மாதத் தவணை, குறைகிற அசலுக்கு மாதம் 1.1 சதவீதம் வட்டி, கட்டணம் ஒரு சதவீதம். தவணை 10,729 ரூபாய். முதல் மாத வட்டிக்கான வரியைச் சேர்த்தாலும் பதினோராயிரத்துக்குள் அடங்கியது. கட்டணத்தை மட்டும் தனியாகப் புரட்டினால் போதும். வட்டி சுமார் 8,750, அதற்கு வரி 1,575, கட்டணமும் அதன் வரியும் 1,416. ஆக மொத்தம் ஏறத்தாழ 11,750 ரூபாய்.

பார்த்தீர்களா? விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருகிற வட்டி மூன்றாவதில்தான் அதிகம். முடிவில் குறைவான செலவும் அதில்தான். காரணம் ஒன்றே ஒன்று. நாம் கடனை அடைத்து முடிக்கிற வரை அந்த வட்டி நீடிக்கிறது. மூன்றே மாதத்தில் முழுதும் கட்டிவிட முடிகிற குடும்பத்துக்கு முதல் சலுகையே லாபமாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி எடுத்த சலுகை நமக்குச் சரிப்பட வேண்டும் என்பதில்லை.

அத்தையின் வளையல்

இதற்குள் விஷயம் மாமியார் காதுக்குப் போய்விட்டது. கட்டிலில் படுத்தபடியே கையிலிருந்த இரண்டு வளையல்களையும் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இந்தாம்மா, கொண்டு போய் வச்சுடு. எனக்கு எதுக்கு இனிமே? என் காலுக்காகத்தானே இந்தக் கடனெல்லாம்."

உள்ளதைச் சொல்ல வேண்டும். கணக்கை மட்டும் பார்த்தால் நகைக் கடன்தான் மலிவு. வங்கியில் வருஷத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதே பதினோராயிரம் கட்டி அடைக்க வட்டி ஆறாயிரத்துச் சொச்சம்தான் ஆகும். கார்டை மாற்றுவதைவிட ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். நகை இருந்து, மனசும் சம்மதித்தால் அதையே செய்யுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன்.

ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பழைய கதை உண்டு. மாமனார் காலமான பிறகு, மகனின் படிப்புக்காக அத்தை தன் இரட்டை வடச் சங்கிலியை ஒரு வட்டிக் கடையில் வைத்தார். மீட்க முடியவில்லை, முழுகிப் போய்விட்டது. அவரிடம் மிஞ்சியது இந்த இரண்டு வளையல்கள்தான். அதைக் கழற்றியபோது அந்தக் கை எவ்வளவு மெலிந்திருந்தது என்பதைப் பார்த்தேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அத்தை, மாசம் நானூத்தம்பது ரூபாய் கூட ஆகுது, அவ்வளவுதான். அதை நான் காய்கறியில பிடிச்சுக்கறேன். நீங்க வளையலைப் போட்டுக்குங்க" என்றேன். அத்தை பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தேன், வளையல் கையில் இருந்தது.

அந்த ஐயாயிரத்துச் சொச்சத்தை நான் தெரிந்தே, கணக்குப் பார்த்தே கொடுத்தேன். செப்டம்பர் கடைசியில் பாக்கியை மாற்றினோம். 2025 செப்டம்பரில் பன்னிரண்டாவது தவணையும் கட்டியாயிற்று.

நடுவில், 2024 டிசம்பரில், ஒரு செய்தி வந்தது. கார்டுப் பாக்கிக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொல்லியிருந்தது. அந்த உத்தரவைச் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டிக்கு யாரோ உச்சவரம்பு வைப்பார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. நம் வீட்டுக் கணக்கை நாம்தான் பார்க்க வேண்டும்.

சகோதரிகள் கவனத்துக்கு

1. சலுகையைக் கேட்கும்போது ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வட்டி எவ்வளவு? எத்தனை மாதம்? முதலில் பிடிக்கும் கட்டணம் எவ்வளவு? சலுகைக் காலம் முடிந்த பிறகு வட்டி எவ்வளவு? முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா? பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டணத்தோடும் 18 சதவீத வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. ஒரே வங்கியின் ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு மாற்ற முடியாது. வேறு வங்கியாக இருக்க வேண்டும்.

3. நாலைந்து வங்கிகளில் ஒரே சமயத்தில் புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் நம் கடன் அறிக்கையில் பதிவாகும், மதிப்பெண்ணையும் குறைக்கக்கூடும். 300 முதல் 900 வரை போகிற மதிப்பெண் அது. வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையையும் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். வங்கிகள் மாதம் இரண்டு தடவை விவரம் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதனால் தாமதமும் சீக்கிரமே ஏறிவிடும்.

4. பணம் மாறிச் சேரச் சில நாள் ஆகும். அதுவரை பழைய கார்டின் கெடுவை விடாதீர்கள். மாறிய பிறகும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த பில்லில் கொஞ்சம் வரும். எங்களுக்கும் வந்தது. அதையும் கட்டி, பாக்கி பூஜ்யம் என்று பார்த்த பிறகே நிம்மதி.

5. பாக்கியை மாற்றிய கார்டில் மளிகைகூட வாங்காதீர்கள். பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாத நாட்கள் கிடைக்காமல் போகலாம். ஒரு தவணை தவறினால் சலுகை வட்டியே ரத்தாகவும் கூடும். நாங்கள் சம்பளத் தேதிக்கு மறுநாளே பணம் தானாகப் போகும்படி எழுதிக்கொடுத்துவிட்டோம்.

6. பழைய கார்டில் வரம்பு காலியாகி, "வா வா" என்று கூப்பிடும். வேண்டாம் என்றால் மூடிவிடுங்கள். பாக்கி ஏதும் இல்லாத நிலையில், கேட்ட ஏழு வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும் என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி செய்திருக்கிறது.

7. கேட்காமலே கார்டு அனுப்புவதும் அதே விதிகளின்படி கூடாது. போனில் ஓ.டி.பி. கேட்டால் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். புகாருக்கு வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற தொகையைத் தீர்மானம் செய்துகொள்ளுங்கள். அது தெரியாமல் எந்தச் சலுகையையும் ஒப்பிட முடியாது. அந்தத் தொகை வங்கிக்காரருக்குத் தெரியாது, போனில் பேசுகிற பெண்ணுக்கும் தெரியாது. வீட்டுக் கணக்கு எழுதுகிற நமக்குத்தான் தெரியும்.