வரப்போரச் சாப்பாடு

பங்குனி 20

ஆமை வந்து சேர்ந்தது. அக்கா மகன் கோயம்புத்தூரில் வளர்த்தது. வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் பதிவை என் பெயருக்கு மாற்றிவிட்டு, "மாமா, உங்க தோட்டத்துல கெடக்கட்டும்" என்று விட்டுப்போனான். சல்காட்டா வகை, சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்புதான் அதன் பூர்வீகம். இப்போது சாப்பாட்டுத் தட்டளவுதான். முழுதாக வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டிவிடும்.

பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "நட்சத்திர ஆமைங்களா? வீட்டுக்கு அதிர்ஷ்டமாச்சே!" நட்சத்திர ஆமை நம் காட்டுயிர். 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். இதுவோ வெளிநாட்டு இனம். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்து வளர்க்கலாம். இதைச் சொல்லிச் சொல்லியே பொழுது போயிற்று.

பங்குனி 23

அம்மா வாழைப்பழத்தைப் பிசைந்து கொண்டுவந்தார். "வாயில்லாச் சீவன், நல்லதாக் குடு." இதன் வயிற்றுக்கு நல்லது வேறு. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைத்துத்தான் இது பிழைக்கிறது. பழத்தின் சர்க்கரையும் சோற்றின் மாவும் அந்த நுண்ணுயிர்களைக் குலைத்து வயிற்றுப்போக்கில் விடும். பருப்பும் பயறும் புரதம் மிகுந்தவை, அவையும் வேண்டாம். பத்தில் எட்டுப் பங்காவது புல்லாக இருக்க வேண்டும். கேட்டுவிட்டு அம்மா சொன்னது: "அப்ப இதுக்குச் செலவே இல்லையா?"

சித்திரை 8

செலவில்லைதான், ஆனால் எந்தச் செடி என்று தெரிய வேண்டும். மேற்கே ஆடு மேய்க்கும் ஆயாவோடு வரப்புச் சுற்றினேன். அருகு, கொழுக்கட்டைப் புல், மூக்கிரட்டை, வேலியில் கோவைத்தழை என்று கையாலேயே காட்டிக்கொண்டு போனார். அரளி, எருக்கு, ஊமத்தை, உன்னிச்செடி பக்கம் ஆடு அவ்வளவாகப் போகாது. "ஆடு மோந்து பாத்துட்டு உட்டுட்டுப் போறத நீ பறிக்காத கண்ணு" என்றார்.

பாதி வழிக்கு இந்தக் கணக்குப் போதும். சவுண்டலை ஆடு ஆசையாகத் தின்னும். அதில் மிமோசின் என்ற நச்சு உண்டு. மரவள்ளித் தழையில் சயனைடு. சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு போகும் ஊரில் பச்சைத் தழை தின்று செத்த ஆட்டின் கதை இல்லாத தெரு கிடையாது. இரண்டையும் என் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

பருத்திக்காட்டு வரப்பில் எவ்வளவு செழிப்பான புல் இருந்தாலும் தொடுவதில்லை. மருந்தடித்த காடு அது.

வைகாசி 2

ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீனியில் பாஸ்பரஸ் ஒரு பங்கென்றால் சுண்ணாம்பு இரண்டு பங்காவது இருக்க வேண்டும். கீரைதானே என்று பாலக்கையும் தண்டுக்கீரையையும் தினமும் போடக் கூடாது. அவற்றின் ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முருங்கைக்கீரை வாரம் ஓரிரு நாள். கணவாய் ஓடு ஒன்று மூலையில் கிடக்கிறது, வேண்டும்போது கடித்துக்கொள்கிறது. தின்ற சுண்ணாம்பு உடம்பில் ஒட்ட வெயில் வேண்டும். நம் ஊரில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை.

ஓடு கூம்பு கூம்பாக மேடிட்டால் தீனிதான் காரணம் என்று சொல்வார்கள். 2003-இல் வெளியான வியன்னா ஆய்வு, இதே இனக் குஞ்சுகளுக்கு வெவ்வேறு அளவில் புரதமும் ஈரப்பதமும் கொடுத்துப் பார்த்தது. புரதத்தை விட, வறண்ட காற்றே ஓட்டை அதிகம் கூம்பவைத்தது. ஆகவே அகலத் தட்டில் தண்ணீர், பொந்தில் ஈர மண். தீனியை மட்டும் திருத்தினால் போதாது.

ஆடி 5

காற்று மழையைத் தள்ளிக்கொண்டு போகிறது. பச்சை எதுவும் மிச்சமில்லை. சித்திரையில் அறுத்துக் காயவைத்த கொழுக்கட்டைப் புல்லை நறுக்கித் தண்ணீர் தெளித்து, செம்பருத்தித் தழையும் பூவும் கலந்து வைக்கிறேன். வேலிச் சப்பாத்திக்கள்ளி மட்டையின் முள்ளை நெருப்பில் பொசுக்கிவிட்டு வைத்தால் அதில் நாரும் உண்டு, தண்ணீரும் உண்டு. வெறும் காய்ந்த புல் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். செம்பருத்திப் பூ மேலே கிடந்தால் அடிவரை தின்றுவிடும். தினம் ஒரே தழையைப் போட்டால் அதையே பிடித்துக்கொண்டு மற்றதை ஒதுக்கும் என்பதால் மாற்றி மாற்றித்தான் வைக்கிறேன்.

புரட்டாசி 17

நல்ல மழை. வரப்பெல்லாம் மூக்கிரட்டை. பக்கத்துக் காட்டுக்காரர் முதுகில் களைக்கொல்லி டேங்க்கோடு வந்தார். பொதுவரப்பை விட்டுவிடச் சொன்னேன்.

"களைய ஆராச்சும் வளப்பாங்களா?"

ஆமைக்கு என்றேன். சிரித்தார், ஆனால் ஒரு கேள்வி கேட்டார்: "வெதை உளுந்து என்ற காட்டுக்குள்ள வந்தா?" நியாயமான கேள்வி. அவர் பொதுவரப்பில் மருந்தடிப்பதில்லை. பூ வைத்து விதை பிடிப்பதற்குள் அந்த நீளம் முழுவதையும் நான் அறுத்துவிட வேண்டும், ஒரு தடவை தவறினாலும் மறுநாள் அடித்துவிடுவார். இப்படிப் பேசி முடித்திருக்கிறோம். அரிவாளைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன்.