அதே வலை, அதே படகு

தியானப் பகுதி: யோவான் 21:1-14



இந்த வாரம் கால்பந்தைப் பற்றி எழுதுகிறேன். போதகருக்கு விளையாட்டுத் திடலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என்னை அங்கே இழுத்துச் சென்றவர் நம் சபையின் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். அதற்குக் காரணமானது என்னுடைய ஒரு பிரேரணை.

ஸ்ரீரங்கத்தில் வியாழக்கிழமைதோறும் கூடிவரும் ஜெபக்குழுவை நிறுத்திவிடலாம் என்று சென்ற மாதச் சபைக் கமிட்டிக் கூட்டத்தில் முன்மொழிந்தவன் நானே. ஒரு காலத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் கூடிய குழு அது. இப்போது ஐந்து பேர் வருகிறார்கள், மழை பெய்தால் மூன்று பேர். காரணங்களையும் கமிட்டியின் முன் அடுக்கினேன். பழுதுபார்ப்புக்காகக் காவிரிப் பாலம் மூடப்பட்டிருந்த மாதங்களில் வரத்து நின்றது, வாலிபர்கள் வேலை தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள், மீந்திருப்போர் முதியவர்கள். எவரும் மறுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பதாகக் கலைந்தோம்.

வாசலில் ஆசிரியர் காத்திருந்தார். "ஐயா, 2019இல் நம் சென்னை அணிக்கு நடந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "வீட்டுக்குப் போய்ப் படித்துப் பாருங்கள். படித்துவிட்டு என்னோடு பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு மிதிவண்டியில் ஏறிவிட்டார். பல ஆண்டுகள் கல்லூரி மாணவர்களைத் திடலில் ஓடவிட்டவர். போதகரையும் அப்படியே ஓடவிட்டார்.

படித்தேன். சென்னையின் எஃப்.சி. அணி 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு அணியை அதன் சொந்தத் திடலிலேயே 3-2 என்று வென்று இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. பயிற்றுவித்தவர் ஜான் கிரிகோரி என்னும் ஆங்கிலேயர். அடுத்த பருவத்தில் அதே அணி, அதே பயிற்சியாளரின் கீழ், 18 போட்டிகளில் இரண்டை மட்டுமே வென்று 9 புள்ளிகளோடு கடைசி இடத்தில் நின்றது. அதற்கடுத்த 2019-20 பருவத்தின் தொடக்கம் இன்னும் பரிதாபமானது. முதல் நான்கு போட்டிகளில் ஒரு கோல்கூட விழவில்லை. கோவாவிடம் 0-3, மும்பையோடு 0-0, கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 0-1, பெங்களூருவிடம் 0-3. ஐந்தாம் போட்டியிலும் 90 நிமிடங்கள் வெறுமையாகக் கழிந்தன. இறுதியில் சேர்க்கப்பட்ட கூடுதல் நிமிடங்களில்தான் முதல் கோல் பிறந்தது. ஆறாம் போட்டி முடிந்ததும் கிரிகோரி விடைபெற்றார். அவரை இகழ எனக்கு மனமில்லை; கோப்பையைத் தந்தவரும் அவரே.

2019 டிசம்பர் தொடக்கத்தில் அவருடைய இடத்துக்கு ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் காயில் வந்தார். அப்போது அவருக்கு வயது 53. அவருடைய பின்புலத்தை வாசித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2009இல் பர்ன்லி என்னும் சிறிய நகரத்தின் அணியை 33 ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தின் முதன்மைப் பிரிவுக்கு உயர்த்தியவர் அவர். ஆனால் அதன்பின் வந்த ஆண்டுகள் இரக்கமற்றவை. அவர் பொறுப்பிலிருந்த போல்ட்டன் அணி 2012இல் முதன்மைப் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. சில மாதங்களில் வேலையும் போயிற்று. விகன் அணியில் ஆறு மாதம் நிலைத்தார். பிளாக்பர்னில் ஒரு பருவத்தைக்கூட முடிக்கவில்லை. சொந்த நாட்டின் ராஸ் கவுன்டியிலிருந்து 2018இல் தாமே விலகினார். தோற்றுப்போன அணியை எடுத்து நிறுத்த அழைக்கப்பட்டவர், தாமும் பலமுறை தோற்று வெளியேறியவர்.

வந்ததும் யாவும் மாறிவிட்டதா? இல்லை. அவருடைய முதல் நான்கு போட்டிகளில் ஒரே ஒரு வெற்றிதான். ஒன்று சமன், இரண்டு தோல்வி. ஜனவரி 6 அன்று ஒடிசாவிடம் மறுபடியும் கோல் ஏதும் போடாமல் 0-2 என்று தோற்றார்கள். இத்தகைய கதைகளைச் சொல்பவர்கள் இந்த ஒரு மாதத்தை விழுங்கிவிடுவார்கள். நம் சாட்சிக் கூட்டங்களிலும் இதுவே நடக்கிறது. சுகமாகி வீடு திரும்பிய நாளைச் சொல்லுகிறோம். ஒன்றும் மாறாமல் கட்டிலில் கிடந்த நாட்களைச் சொல்வதில்லை.

ஆனால் அந்த மாதத்திலும் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. கோவாவிடம் தோற்றார்கள், ஆயினும் 3-4 என்று தோற்றார்கள். கோலே போடத் தெரியாதிருந்தவர்கள் மூன்று கோல் போட்டுத் தோற்றார்கள். ஜனவரி 10 முதல் பிப்ரவரி 25 வரை எட்டு லீக் போட்டிகளில் ஒன்றிலும் தோற்கவில்லை. பிப்ரவரி 1 அன்று கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு எதிராக ஆறு கோல்கள் போட்டார்கள். முதல் ஆறு போட்டிகளில் 4 கோல்கள். காயில் வந்தபின் நடந்த பன்னிரண்டு லீக் போட்டிகளில் 28 கோல்கள்.

அந்தக் கோல்களைப் போட்டவர்கள் யார் என்று பாருங்கள். லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ், பிரேசிலின் கிரிவெல்லாரோ, மிசோரத்தின் சாங்தே. நடுக்களத்தில் டேராடூனின் அனிருத் தாபா. கோல் விழாத நாட்களிலும் அணியில் இருந்தவர்கள் இவர்கள்தாம். வால்ஸ்கிஸ் அப்பருவத்தில் 15 கோல்கள் அடித்துத் தங்கக் காலணி விருதைப் பெற்றார்.

மறுவாரம் ஆசிரியரைச் சந்தித்து, "அப்படி என்னதான் செய்தார் சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "கோல் விழாத அணியில் ஆட்டக்காரன் பந்தை வாங்கியதும் பின்னால் திரும்பிப் பார்ப்பான் ஐயா. தவறு செய்துவிடுவோமோ என்ற பயம். பந்து பக்கவாட்டிலேயே போகும், கோல் பக்கம் போகவே போகாது. தவறினாலும் பரவாயில்லை, முன்னே போ என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்லுவதற்கே அனுபவம் வேண்டும்."

ஸ்ரீரங்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை விளங்கிக்கொள்ளக் கால்பந்து தேவையில்லை; முக்கொம்பு போதும். காவிரி அங்கே இரண்டாகப் பிரிந்து, தீவை அணைத்துக்கொண்டு ஓடுகிறது. வடக்கே போகும் கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரின் பெரும்பகுதி அந்தப் பக்கமே இறங்கிக் கடலுக்குப் போயிற்று. காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. தஞ்சையின் வயல்கள் காய்ந்தன. மேற்கே மழை பெய்யாமல் இல்லை. ஆறு வற்றிப்போகவும் இல்லை. நீர் போகவேண்டிய பக்கம் போகவில்லை, அவ்வளவே. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். அவர் புதிதாக ஒரு சொட்டு நீரையும் கொண்டுவரவில்லை.

திபேரியாக் கடற்கரைக்கு வருவோம். காயிலை ஆண்டவரோடு ஒப்பிடுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அவர் கூலிக்கு வந்த பயிற்சியாளர், நாம் பேசுவது உயிர்த்தெழுந்த கர்த்தரைப் பற்றி. சீஷர்கள் இரா முழுவதும் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலையில் கரையில் நின்றவர் வேறு வலையைத் தரவில்லை. வேறு படகைக் காட்டவில்லை. மும்முறை மறுதலித்த பேதுருவை விலக்கிவிட்டு வேறு மீனவனை அழைக்கவும் இல்லை. அதே வலையைப் படகின் வலப்புறத்தில் போடச் சொன்னார்; 153 பெரிய மீன்கள் வந்தன.

அந்த எண்ணிக்கையைப் பற்றியும், கிழியாத வலையைப் பற்றியும் நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அதற்கு முன்னுள்ள ஒரு சிறு உரையாடலை விரைந்து கடந்திருக்கிறேன். புசிக்க ஏதேனும் உண்டா என்று அவர் முதலில் கேட்கிறார். அவர்கள் இல்லை என்கிறார்கள். காற்றைக் காரணம் சொல்லவில்லை, மீன்கள் வேறிடம் போய்விட்டன என்று சொல்லவில்லை. நானோ கமிட்டியில் பாலத்தைச் சொன்னேன், பெங்களூரைச் சொன்னேன்.

ஆசிரியர் என்னிடம் கேட்ட இரண்டாம் கேள்வி இன்னும் கடினமானது. "வியாழக்கிழமைக் கூட்டத்தில் பந்து யார் காலில் இருக்கிறது ஐயா?" நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் நான் ஐம்பது நிமிடம் பேசுகிறேன். தொடக்க ஜெபம் என்னுடையது, முடிவு ஜெபமும் என்னுடையது. கணவரை இழந்தபின் பதினோரு ஆண்டுகளாகத் தம் வீட்டுக் கூடத்தைத் திறந்து கொடுக்கும் அம்மா, இத்தனை வருடங்களில் ஒருமுறைகூடத் தம் சாட்சியைச் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதில்லை. கித்தார் வாசிக்கத் தெரிந்த தம்பிக்கு நான் தந்த பொறுப்பு, அறிவிப்புகளை வாசிப்பது. ஸ்ரீரங்கத்தின் ஒவ்வொரு தெருவையும் அறிந்த முன்னாள் தபால்காரர் ஒருவர் குழுவில் இருக்கிறார். நோயுற்றவர்களைச் சந்திக்க அவரோடு நான் போனதே இல்லை. ஐந்து பேர் என்று எண்ணத் தெரிந்த எனக்கு, அந்த ஐந்து பேரும் யார் என்று தெரியாதிருந்தது. இதை உங்களுக்கு எழுத வெட்கமாகவே இருக்கிறது.

சென்னை அணியின் கதை எப்படி முடிந்தது என்று சிலர் கேட்கக்கூடும். கடைசி இடங்களில் கிடந்தவர்கள் 29 புள்ளிகளோடு நான்காம் இடத்துக்கு வந்தார்கள். அரையிறுதியில் கோவாவை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 6-5 என்று வென்றார்கள். 2020 மார்ச் 14 அன்று மட்காவில் இறுதிப் போட்டி. கொரோனா பரவத் தொடங்கியிருந்தபடியால் பார்வையாளர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. வெற்று அரங்கில் ஏ.டி.கே. அணியிடம் 1-3 என்று தோற்றார்கள். கோப்பை வரவில்லை. காயில் அப்பருவத்தோடு ஜம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அங்கே 2021-22இல் லீக் சுற்றில் முதலிடம் பெற்று, 2023இல் மறுபடியும் சென்னைக்கே திரும்பினார்.

ஆகவே வியாழக்கிழமைக் குழு மறுபடியும் இருபது பேராகும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஜனவரி 6ஆம் தேதியைப் போன்ற வாரங்கள் நமக்கும் வரலாம். என் பிரேரணையைத் திரும்பப் பெறுகிறேன் என்று கமிட்டிச் செயலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வரும் வியாழன் மாலை 6.30 மணிக்கு வழக்கமான அதே வீட்டில் கூடுகிறோம். தம்பி பாடல்களை நடத்துவார். அம்மா தம் சாட்சியைச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு நாள் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். தபால்காரர் ஐயா ஜெபம் தேவைப்படும் வீடுகளின் பட்டியலைக் கொண்டுவருகிறார். கூட்டம் முடிந்ததும் முதல் வீட்டுக்கு நடந்தே போகிறோம். தேவசெய்திக்கு எனக்குப் பத்து நிமிடம். ஆசிரியர் கைக்கடிகாரத்தோடு முன்வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். விசிலையும் கொண்டுவருவாரோ என்று எனக்குச் சற்றே அச்சமாயிருக்கிறது.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்