கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்போம்



மலைநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் பாடப்புத்தகத்துப் படம்தான். மீரியபெத்த தோட்டத்துக்கு அருகில் குடியிருக்கும் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். "வாப்பா, டொல்பின் காட்டுங்க" என்று இளைய மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு கற்பிட்டிக்குப் போனோம்.

புத்தளம் களப்புக்கும் பெருங்கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஊர் அது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கு கடல் அமைதியாக இருக்கும். டொல்பின் பார்க்கும் காலமும் அதுவே. ஸுப்ஹு தொழுதுவிட்டு, உயிர்காப்பு அங்கி அணிந்து படகேறினோம்.

முதலில் கண்ணில் பட்டவை ஆலாப் பறவைகள். சுற்றிச் சுற்றிப் பறந்து, தலைகீழாக நீரில் பாய்ந்து, அலகில் சிறு மீனோடு எழுந்தன. "பறவ கூடின இடத்தில மீன் இருக்கும், ஹஸரத்" என்றார் படகோட்டித் தம்பி.

இன்னும் சற்றுத் தூரம் போனதும் டொல்பின்கள்! பம்பரம்போலச் சுழன்று எழும்பும் இனம். நூற்றுக்கணக்கில் இருந்தன. ஸுப்ஹானல்லாஹ்! அதற்குள் வேறு படகுகளும் வந்து சூழ்ந்துகொண்டன. நானும் ஆசையில், "தம்பி, இன்னும் கிட்டப் போங்க, இவ்வளவு செலவழித்து வந்திருக்கிறோமே" என்றேன். தாய் ஒன்று குட்டியை அணைத்தபடி மூழ்கி வேறிடத்தில் எழுந்தது. படகுகள் அங்கும் திரும்பின.

என் மனைவி சொன்னாள்: "போதும், எஞ்சினை நிப்பாட்டச் சொல்லுங்க. அது பிள்ளைக்காரி. மண் சரிஞ்ச நேரம் நம்ம ஊருக்கும் இப்படித்தான் சனம் பார்க்க வந்திச்சு. மறந்திட்டீங்களா?"

2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தயில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. உறவுகளைத் தேடி அழுதவர்களுக்கு நடுவே வேடிக்கை பார்க்க வந்தவர்களும் நின்றார்கள். அவர்களைக் கண்டு மனம் கசந்தவன் நான். இன்று நானும் அப்படியே நின்றேன்.

எஞ்சின் நின்றது. "இதுகள் ராவைக்குத்தான் ஆழத்தில இரை தேடும். பகல்லதான் இளைப்பாறும்" என்றார் தம்பி. டொல்பின் மீனல்ல, மூச்சுவிட மேலே வர வேண்டும். ஒரு பேற்றில் ஒரு குட்டிதான். அதற்குப் பாலூட்டி வளர்க்கிறது. துரத்தினால் தாய்க்கு ஓய்வேது, குட்டிக்குப் பாலேது? கடல் பாலூட்டிகளைப் பார்வையிடுவதற்கு 2012 இல் நம் நாட்டில் ஒழுங்குவிதிகளே வந்திருக்கின்றன.

ஒரு பயணத்தில் தோழர்கள் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததையும், அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி நபிகளார் (ஸல்) பணித்ததையும் எத்தனையோ வருடங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஹதீஸ் என் நாவில் இருந்தது. நடத்தையில் வர மனைவி நினைவூட்ட வேண்டியிருந்தது.

டொல்பின் கூட்டம் மெல்ல விலகிப் போனது. தூரத்தில் ஒன்று சுழன்று எழும்பியது. மகள் கைதட்டினாள். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

சகோதரிகளே, நீங்களும் பிள்ளைகளோடு போவீர்கள். படகேறுமுன்பே சொல்லிவிடுங்கள்: துரத்த வேண்டாம், கூட்டத்துக்குள் புக வேண்டாம், தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள் என்று. நாம் அவசரப்படுத்துவதால்தான் படகோட்டியும் விரட்டுகிறார். நாம் வேண்டாம் என்றால் அவர் ஏன் விரட்டப் போகிறார்?

பார்க்கும் கண்ணோடு இரங்கும் மனதையும் அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.