நான் கேட்ட பாஸ்போர்ட்

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

2019-ல் ஒரு திங்கட்கிழமை. மாதத்தின் முதல் வாரம், டெல்லியில் எங்கள் கிளை முழுக்க பென்ஷன் கூட்டம். அக்கவுண்ட் தொடங்க ஒரு இளம்பெண் வந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிது போலிருந்தது. ஃபார்மை ஒழுங்காக நிரப்பி, போட்டோ ஒட்டி, ஆதார் நகலோடு நீட்டினாள். நான் ஃபார்மைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். "பாஸ்போர்ட், விசா எங்கே?" என்று இந்தியில் கேட்டேன்.

அவள் ஒன்றும் பேசாமல் ஆதாரை என் பக்கம் திருப்பி வைத்தாள். சேனாபதி மாவட்டம், மணிப்பூர்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "ஓ, சாரி" என்று சொல்லிவிட்டு நானும் லேசாகச் சிரித்தேன். கேட்ட கேள்வியை விட அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

இத்தனைக்கும் நான் பட்டவன். 2006-ல் மாற்றலாகி டெல்லி வந்தபோது, "மதராசியா? மீன் வாசனை வருமே" என்று மூன்று வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். நாலாவது வீடு கிடைத்த பிறகும், ஊரிலிருந்து வந்த கருவாட்டை என் மனைவி ஜன்னலையெல்லாம் மூடிவிட்டுத்தான் வறுப்பாள். பாளையங்கோட்டையில் பி.காம் படித்தவன், வங்கி அதிகாரி என்பதெல்லாம் அங்கே செல்லாது. மதராசி, அவ்வளவுதான். அந்த வலி தெரிந்தவன்தான் அதையே இன்னொருத்திக்குச் செய்தேன்.

எங்கள் தமிழ்ச் சபை யமுனைக் கரையோரக் குடிசைப் பகுதி ஒன்றில் சனிக்கிழமை மாலை வகுப்பு நடத்துகிறது. நான் கணக்கு சொல்லித் தருவேன். இரண்டு வாரம் கழித்து, இங்கிலீஷ் எடுக்க வேறொரு சபையிலிருந்து புது டீச்சர் வருவதாகப் போதகர் சொன்னார். வந்து நின்றது அதே பெண்! (நாகா மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் என்பது அதுவரை எனக்கு வெறும் பொது அறிவுக் கேள்விக்கான பதில்.)

உள்ளே நுழைந்ததுமே ஒரு பொடியன் "சைனீஸ் டீச்சர்!" என்று கத்தினான். அவள் கோபப்படவில்லை. கரும்பலகையில் இந்தியா வரைபடத்தைப் போட்டு, கிழக்கு ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தாள். "இது என் ஊர். சார், உங்க ஊர் எங்கே?" என்று சாக்பீஸை என்னிடம் நீட்டினாள். நான் தெற்கு முனையில் ஒரு புள்ளி வைத்தேன். "ரெண்டு பேரும் ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க" என்றது ஒரு பெண் குழந்தை.

வகுப்பு முடிந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க ஒருத்தர் கேட்டா பரவாயில்லை சார். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஒவ்வொருத்தரா கேக்கறாங்க" என்றாள்.

அவள் சொன்னது மிகையில்லை. 2014 ஜனவரியில் அருணாசலத்து மாணவன் நிடோ தானியா லஜ்பத் நகர் கடைத்தெருவில் முடியலங்காரம் கேலி செய்யப்பட்டு, அடிபட்டு இறந்தான். பெஸ்பருவா கமிட்டி அமைக்கப்பட்டது அதற்குப் பிறகுதான். 2020-ல் கொரோனா வந்தபோது வடகிழக்கு முகங்களைப் பார்த்து "கொரோனா" என்று கூப்பிட்டார்கள். மாநிலங்களுக்கு உள்துறை அமைச்சகம் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்கு சி.எஃப். ஆண்ட்ரூஸ் நினைவுக்கு வருகிறார். 1904-ல் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு வந்த ஆங்கிலேயப் பாதிரியார். முதல்வர் பதவிக்கு ஓர் ஆங்கிலேயர்தான் வர வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, எஸ்.கே. ருத்ராதான் தகுதியானவர் என்று உறுதியாக நின்றார். 1906-ல் ருத்ரா முதல் இந்திய முதல்வரானார். 1914-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கப்பலிலிருந்து இறங்கிய ஆண்ட்ரூஸ், குனிந்து காந்தியின் காலைத் தொட்டார். அங்கிருந்த வெள்ளையர்களுக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த வருடமே ஃபிஜிக்குப் போய்க் கூலி ஒப்பந்த முறையின் கொடுமைகளை விசாரித்து எழுதினார். 1920-ல் அங்கே ஒப்பந்தங்கள் ரத்தாயின. நேட்டாலிலும் ஃபிஜியிலும் கரும்பு வெட்டியவர்களில் சென்னையில் கப்பலேறிய நம் ஜனங்களும் உண்டு. அவர் தர்மம் செய்ததோடு நிறுத்தவில்லை. தன் இனத்துக்குக் கிடைத்த நாற்காலியையும் விட்டுக்கொடுத்தார்.

நல்ல சமாரியன் கதையை ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்கிறோம். அடிபட்டவனுக்கு உதவிய நல்லவன் என்பதோடு முடித்துவிடுகிறோம். கேட்டுக்கொண்டிருந்த யூதர்கள் அருவருத்து ஒதுக்கிய இனம் சமாரியர். அயலான் யார் என்று கேட்டவனுக்கு இயேசு அப்படிப்பட்ட ஒருவனைத்தான் முன்னால் நிறுத்தினார். அந்தக் கதையில் நான் எப்போதும் என்னை உதவி செய்கிற இடத்திலேயே வைத்துப் பார்த்திருக்கிறேன். கவுண்டரில் அந்தத் திங்கட்கிழமை நான் விலகிப் போன லேவியன்.

மறுநாள் காலை எங்கள் கிளையில் என் தவறைச் சொல்லி, "ஃபார்மில் முகத்துக்குக் காலம் கிடையாது, கேட்கிற ஆவணம் எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றேன். அது சுலபம். அங்கே நான் அதிகாரி.

கஷ்டமானது பிறகு வந்தது. அந்தப் பெண்ணும் தோழிகள் இருவரும் வீடு தேடினார்கள். எங்கள் சபை மூப்பர் ஒருவரின் ஃபிளாட் காலியாக இருந்தது. கேட்டேன். "தம்பி, ஜெபத்துல வச்சுக்கறேன். ஆனா அவங்க சமைக்கறது ஒத்துவராது" என்றார். புளிக்க வைத்த சோயாவின் வாசனையைச் சொல்கிறார். "அண்ணாச்சி, நம்ம கருவாடு மட்டும் மல்லிகைப்பூவா?" என்று கேட்டுவிட்டேன். நாலு பேர் முன்னால் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் கேட்டதற்காக வருத்தப்படவில்லை.

வீடு கிடைக்கவில்லை. முனிர்காவில் ஒரு சின்ன அறையில் மூவரும் தங்கினார்கள். மூப்பர் ஆராதனை முடிந்து என்னோடு டீ குடிப்பதை நிறுத்திவிட்டார். கிறிஸ்துமஸுக்குக் கம்பளி வாங்க மட்டும் வழக்கம்போல முதல் காசோலை அவருடையதுதான். அவர் கெட்டவர் இல்லை. நானும்தான் கெட்டவன் இல்லை, அந்தத் திங்கட்கிழமையில் கூட.

கம்பளி கொடுக்க நமக்குப் பணம் இருந்தால் போதும். பக்கத்து வீட்டில் குடிவைக்க அது போதவில்லை.