இடைக்கணக்கு

சென்ற கோடை விடுமுறையில் யாம் எம்மூராகிய பாலவனத்தத்தில் தங்கியிருந்த காலத்து, தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய எம்மைச் சற்றும் சாராததெனக் கருதியிருந்த ஒரு கல்வியோடு பழக நேர்ந்தது. எம் தமையனார் அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையிற் சரக்குக் கணக்கு எழுதுபவர். கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, பணம், ஆள் ஆகிய அனைத்தையும் ஒரே கணினியேட்டில் இணைத்து நடத்தும் வணிக வளமேலாண்மை முறையிற் சான்றிதழ் பெற்றாலன்றித் தமக்கு மேற்பதவி இல்லையென்று அவர் கண்டார். மதினியாரின் சங்கிலி அடகு சென்றது. மதுரையில் ஒரு பயிற்சிக்கூடத்திற்குக் கட்டணம் சென்றது. அக்கூடத்தார் முறையைக் கற்பித்தாரல்லர். பழைய வினாவிடைகளை அச்சிட்டுக் கொடுத்து உருப்போடச் செய்தனர். முதல் தேர்வில் தமையனார் தேறவில்லை.

இவ்வகை முறைகளுள் எஸ்.ஏ.பி. என்பது பெயர் பெற்றது. 1972-ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்தை விட்டு வெளிவந்த பொறியாளர் ஐவர் ஜெர்மனியில் அதனைத் தொடங்கினர். அவர்க்கு முதன்முதல் வாய்த்தது ஒரு நைலான் இழை ஆலையின் வேலையாம். நூலிற் பிறந்த முறை நூற்பாலைக்கே வந்ததென்று யாம் சொல்ல, தமையனார் நகைத்தாரில்லை. சிலேடைக்கு அது காலமன்று.

இரவுதோறும் வேம்பினடியில் அவர் படிக்க, யாம் வினவினோம். ஆலை 100 பொதி பஞ்சுக்கு ஆணை விடுக்கின்றது, வந்தவை 96, விற்றவரோ 100 பொதிக்கும் பில் அனுப்புகின்றார். ஆணை, வரவு, பில் என்னும் மூன்றையும் ஒத்துப்பார்த்து, ஒவ்வாதவிடத்துப் பணம் போகாவண்ணம் கணினி தடுத்துவிடும். இம்மட்டும் விளங்கிற்று. ஆயின், சரக்கு வந்த அளவிலே இருப்பிற் பற்றெழுதி, எதிரே விற்றவர் பெயரில் வரவு வையாது, ஓர் இடைக்கணக்கில் வைக்கின்றனரே, அஃது ஏன்? உருப்போட்ட விடையிற் காரணம் இல்லை.

மூன்று இரவுகள் இவ்வாறு கழிந்தபின், திண்ணையிற் படுத்திருந்த தந்தையார் எழுந்து உள்ளே சென்று தம் பலசரக்குக் கடைப் பேரேட்டைக் கொணர்ந்தார். விருதுநகரிலிருந்து பருப்பும் எண்ணெயும் திங்களன்று வந்திறங்கும். பில் வருவதோ சனியன்று. அதுகாறும் வந்த சரக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஏட்டினிடையே செருகிவைப்பார். பில் வந்ததும் ஒத்துப்பார்த்து, மொத்த வியாபாரி பெயரில் வரவு வைத்துச் சீட்டைக் கிழித்துவிடுவார்.

“கடன் உண்டு, எவ்வளவென்று அவன் இன்னும் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தச் சீட்டு,” என்றார்.

தமையனார் அச்சீட்டை வாங்கி நெடுநேரம் பார்த்திருந்தார். “இவ்வளவுதானா, அப்பா?” என்றார் பின்பு.

நிற்க. சான்றிதழ்த் தேர்வு இவ்வூருக்குப் புதியதன்று. பாலவனத்தம் ஜமீன்தாராகிய பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவ, அச்சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படியாகத் தேர்வு நடத்திற்று. அவரே 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தோற்றுவித்த சுதேசிக் கப்பற் கம்பெனிக்குத் தலைவராகவும் இருந்தார். தமிழும் வாணிகமும் எம்மூரார் ஒருவரிடத்தே பகையின்றி வாழ்ந்திருக்க, தமையனாரின் ஏட்டை யாம் உள்ளூர இகழ்ந்தமைக்கு நாணினோம்.

அன்று முதல் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் கடையிற் பொருள் தேடலாயினோம். சில அகப்படவில்லை, அவற்றை உருப்போடவே வேண்டியிருந்தது. ஞாயிறு ஆராதனையிற் குருவானவர் அநீதியுள்ள உக்கிராணக்காரனைக் குறித்துப் பிரசங்கிக்க, “சரக்கு வரவு பதியாதவன்,” என்று தமையனார் எம் செவியிற் கூறினார். தேர்வில் தவறியபின் அவர் விளையாட்டாகப் பேசியது அதுவே முதன்முறை.

ஆடி மாதத்திற் சான்றிதழ் வந்தது. மதினியாரின் சங்கிலி இன்னும் அடகுக் கடையில் இருக்கின்றது. அதற்கும் தந்தையார் ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் பேரேட்டினிடையே செருகிவைத்திருக்கின்றார்.