யாரும் நடாத மரம்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் புறநகர் ரயிலில் போகிறவர்கள் சாதாரணமாக ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. ஏறியதும் இடம் தேடுவார்கள். கிடைத்தால் உட்கார்ந்து தூங்குவார்கள். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே தூங்குவார்கள். மீஞ்சூர் தாண்டிய பிறகாவது கண்ணை விழித்துப் பார்த்தால் நல்ல காட்சி காத்திருக்கிறது. பொன்னேரி, கவரைப்பேட்டைப் பக்கம் வயலும் ஏரியும் மாறி மாறி வரும். நடுநடுவே நெட்டையும் குட்டையுமாக ஓலை மரங்கள் நிற்கும். "எல்லாம் பனைமரம்!" என்று பட்டணத்துக்காரர்கள் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அங்கே நிற்பவை பனை, தென்னை, ஈச்சு என்று மூன்று. ஒரே குடும்பம்தான்; ஆனால் ஒரு குடும்பத்தில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே முகமா இருக்கிறது?

பனையைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. அதன் ஓலை விசிறி; விரித்த கை மாதிரி இருக்கும். தென்னைக்கும் ஈச்சுக்கும் இறகு போன்ற கீற்று. அங்கேதான் ஆளை ஏமாற்றும். கீற்றின் ஒற்றை இலை மட்டையோடு சேருகிற இடத்தைப் பாருங்கள். தென்னையில் அது கூரை முகடு போல் இரு பக்கமும் கீழே சரிந்திருக்கும். ஈச்சில் நேர்மாறு, வாய்க்கால் போல் மேல்நோக்கி மடங்கியிருக்கும். மழை பெய்தால் ஒன்றில் தண்ணீர் வழிந்து ஓடும், மற்றொன்றில் தங்கும். இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் மட்டையின் அடியைத் தொட்டுப் பார்க்கலாம். ஈச்சில் அடி இலைகள் முள்ளாகவே மாறியிருக்கும். விரலே பதில் சொல்லிவிடும்.

ஈச்சிலும் இரண்டு உண்டு. ஒன்று நெடுமரமாக வளர்ந்து, கள் இறக்குகிறவர்களுக்குப் பிழைப்புக் கொடுப்பது. மற்றொன்று சிற்றீச்சு. இதற்கு அடிமரம் இருப்பதே வெளியில் தெரியாது. பழைய மட்டைகள் மூடியிருக்கும். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் வழியில் மணற்பாங்கான ஒரு மேட்டில் இதைப் பார்த்ததும், கூட வந்த சிநேகிதர், "அடடே, இங்கே பேரீச்சை கூடப் பயிரிடுகிறார்களா?" என்று வியந்தார்.

அவர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. பேரீச்சைக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. பழம் சுண்டுவிரல் நுனி அளவுதான். கோடையில் சிவந்து, பிறகு கறுக்கும். சதை கொஞ்சம், கொட்டை அதிகம். கொட்டையில் பேரீச்சையைப் போலவே ஒரு பக்கம் கோடு ஓடும். ஆண் தனி, பெண் தனி. ஆகையால் காய்க்காத ஈச்சைக் கண்டு யாரும் அதை மலடு என்று பழிக்கக் கூடாது.

ஆனால், 'பயிரிடுகிறார்களா?' என்று கேட்டது தவறு. தென்னையை மனிதன் நட்டான். பனங்கொட்டையையும் ஏரிக்கரையிலும் வரப்பிலும் அவனே புதைத்தான். சிற்றீச்சை யாரும் நடவில்லை. தென்னிந்தியாவும் இலங்கையுமே அதற்குப் பிறந்த வீடு. பழத்தைத் தின்ற பறவையும் நரியும் போட்ட விதையில் அதுவாகவே முளைத்தது.

இதற்கு முதலில் சாஸ்திரப் பெயர் வைத்தவர் ஜெர்மானியரான கேர்ட்னர், வருஷம் 1788. சில வருஷங்கள் கழித்து, சோழமண்டலக் கரையின் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ராக்ஸ்பரோ என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் 'மாவு தருவது' என்ற பொருளில் வேறொரு பெயர் சூட்டினார். இரண்டும் ஒரே செடி என்று பிற்காலத்து அறிஞர்கள் முடிவு கட்டினார்கள். ராக்ஸ்பரோ வைத்த பெயருக்குக் காரணம் இருந்தது. இதன் குட்டைத் தண்டுக்குள் வெண்மையான மாவு உண்டு. பஞ்ச காலத்தில் ஏழைகள் தண்டைப் பிளந்து, உலர்த்தி, இடித்து, சலித்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். இலையில் பாய் முடைந்தார்கள். மட்டையைக் கிழித்துக் கூடை பின்னினார்கள்.

இவ்வளவு உபகாரம் செய்த செடிக்கு இன்று என்ன மரியாதை? பனை, தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மிகவும் சரி. ஆனால் அந்த அறிவிப்பு பனைக்குத்தான், ஈச்சுக்கு இல்லை. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது; சுற்றிலும் கிடங்குகளும் வீட்டு மனைகளும் பெருகி வருகின்றன. வேலையும் வேண்டும், வீடும் வேண்டும். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் நிலத்தைச் சமன் செய்யும் யந்திரம் வந்து நிற்கும்போது, பனையைக் கண்டால் "ஐயோ, பனை!" என்று யாராவது ஒருவர் தடுக்கிறார். சிற்றீச்சைக் கண்டால் "முட்புதர்தானே, தள்ளு" என்கிறார்கள். பெயர் தெரியாத குற்றத்துக்காக ஒரு செடி போய்விடுகிறது.

இந்த ஜில்லாக்காரர்கள் மரத்தின் பெயரை ஊருக்கே வைத்தவர்கள். ஆல மரத்துக்குத் திருவாலங்காடு. வேல மரத்துக்குப் பழவேற்காடு. ஈச்சுக்கு ஊர் வேண்டாம். வேலி ஓரத்தில் நாலு முழ இடம் விட்டால் போதும். பழவேற்காட்டுக்கு டச்சுக்காரர் கல்லறையையும் ஏரியையும் பார்க்கப் போகிறவர்கள், வழியில் வண்டியை ஐந்து நிமிஷம் நிறுத்தி, குழந்தைகளுக்கு இந்தச் செடியைக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுக்கலாம். முள் மாத்திரம் ஜாக்கிரதை!