படிவத்தில் எழுதிய பொய்

அம்மையார்குப்பத்தில் எங்கள் தெருவுக்குத் தறிச் சத்தத்தோடுதான் பொழுது விடியும். பாவில் ஓர் இழை அறுந்தாலும் அப்பா தறியை நிறுத்திவிடுவார். கவனிக்காமல் விட்டால் சேலை நெடுகக் கோடு விழும். அதைப் பார்த்தே வளர்ந்த நான்தான் 2009இல், ஜப்பானுக்குப் போகும் ஆசையில், ஒரு பொய் எழுதினேன்.

வெளிநாட்டு இளைஞர்களை அழைத்துப்போய், சில நாள் அங்குள்ள குடும்பங்களோடு தங்கவைக்கும் ஜெனிசிஸ் திட்டத்தை ஜப்பான் அரசு 2007இல் தொடங்கியிருந்தது. ‘சாப்பிடாத உணவு உண்டா?’ என்று படிவத்தில் ஒரு கேள்வி. ஆறு வயதில் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது, பிள்ளை பிழைத்தால் கவுச்சியே கொடுப்பதில்லை என்று அம்மா திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டாராம். அதை எழுதினால் என்னைக் கழித்துவிடுவார்களோ என்று பயம். ‘எதுவும் இல்லை’ என்று எழுதிவிட்டேன்.

கியோட்டோவில் நான் தங்கிய வீடு, பட்டு நெசவுக்குப் பேர்போன நிஷிஜின் பகுதியில் இருந்தது. காலையில் பக்கத்து வீட்டிலிருந்து தறிச் சத்தம் வந்தது. ஊர் ஞாபகத்தில் கண் கலங்கிவிட்டது. வீட்டம்மாவை ‘ஒகாசான்’ என்று கூப்பிடச் சொன்னார்கள். அம்மா என்று பொருள்.

முதல் இரவே மிசோ சூப். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் காயவைத்துச் சீவிய துருவலில் இறக்கிய சாறுதான் அதற்கு அடிப்படை. இலங்கைச் சமையலில் போடும் மாசிக்கு நெருங்கிய உறவு. காய்கறிக் குழம்பிலும் அதே வாசம். வெறும் சோற்றை விழுங்கிவிட்டு, பசியில்லை என்றேன். மறுநாளும் அப்படியே. தன் சமையல்தான் எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து, ஒகாசான் ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக ஒன்று செய்துகொண்டிருந்தார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

இரண்டாம் நாள் இரவு, வயிறு சரியில்லை என்று படுத்துவிட்டேன். அந்நேரத்துக்கு அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். அதிலும் மீன் வாசம். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையிலும் கைஜாடையிலும் முருகன், அம்மா, காய்ச்சல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்துபோய், தனக்கு அனுப்பியிருந்த என் படிவத்தின் நகலை எடுத்துவந்தார். அந்த வரியில் விரலை வைத்தார். திட்டுவார் என்றிருந்தேன். “இரண்டு நாளாகப் பசியோடா இருந்தாய்?” என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவே கொம்பு என்னும் காய்ந்த கடற்பாசியையும் உலர்ந்த ஷிட்டாகே காளானையும் தண்ணீரில் ஊறப்போட்டார். ஜென் மடங்களில் மீன் படாமல் சாறு எடுப்பது இப்படித்தானாம். காலையில் அந்தச் சாற்றில் வைத்த சூப்பை மூன்று கிண்ணம் குடித்தேன். பிறகு படிவத்தை நானே கேட்டு வாங்கி, ‘எதுவும் இல்லை’ என்பதை அடித்துவிட்டு, மீன், இறைச்சி, மீன் சாறு என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார்.